சைலன்சர்: பற்றவைக்கலாமா, மாற்றத்தான் வேண்டுமா?

மழைக்காலம் முடிந்ததும் சைலன்சரைப் பற்றிய கடிதங்கள் குவிய ஆரம்பித்துவிடும். இந்த முறையும் அப்படித்தான். ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்து, பதிலைக் கொஞ்சம் விரிவாகவே தருகிறோம்.

என்னுடையது 100 சிசி பைக். ஒன்பது வருடம் ஆகிறது. சைலன்சரின் அடியில் மிளகு அளவுக்கு ஓட்டை இருப்பதை இப்போதுதான் கவனித்தேன். மெக்கானிக் வெல்டிங் வைத்தால் போதும் என்கிறார். ஸ்பேர் கடைக்காரர் புதிதாகப் போடச் சொல்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?
— வாசகர், ராமநாதபுரம்

முதலில் அது விழுந்த ஓட்டையா, கம்பெனியே போட்ட ஓட்டையா என்று பாருங்கள். பல சைலன்சர்களில் இருப்பதிலேயே தாழ்வான இடத்தில் 2 முதல் 3 மில்லிமீட்டர் அளவில் ஒரு துளை விட்டிருப்பார்கள். தண்ணீர் வடிவதற்கான துளை அது. விளிம்பு வட்டமாக, வெட்டியதுபோல் சுத்தமாக இருக்கும். துரு தின்ற ஓட்டைக்கு விளிம்பு பிசிறு பிசிறாக இருக்கும், சுற்றிலும் செம்பழுப்பாகப் பொருக்குத் தட்டியிருக்கும். வடிகால் துளையை ஓட்டை என்று நினைத்து வெல்டிங்கில் அடைப்பது பட்டறைகளில் அடிக்கடி நடக்கிறது. அடைத்தால் தண்ணீர் உள்ளேயே தேங்கி, நல்ல சைலன்சரும் சீக்கிரம் அழுகிப்போகும்.

அந்தத் தண்ணீர் மழையில் வந்தது மட்டும் என்று நினைக்காதீர்கள். பெட்ரோல் எரியும்போதே தண்ணீர் உண்டாகிறது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகப் புகையோடு போகிறது. சைலன்சர் நன்றாகச் சூடேறியிருந்தால் ஆவி அப்படியே வெளியேறிவிடும். வீட்டிலிருந்து கடைக்கு, கடையிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு என்று இரண்டு கிலோமீட்டர், மூன்று கிலோமீட்டர் மட்டும் ஓடும் வண்டியில் சைலன்சரின் பின்பாதி சூடேறுவதே இல்லை. ஆவி உள்ளேயே குளிர்ந்து, புகையில் உள்ள அமிலத்தோடு கலந்து அடியில் தேங்குகிறது. அதனால்தான் சைலன்சர் உள்ளிருந்து வெளியே அழுகுகிறது. வெளியே மிளகளவு தெரியும்போது உள்ளே உள்ளங்கை அளவுக்குத் தகடு போயிருக்கலாம்.

துரு ஓட்டைதான் என்று தெரிந்துவிட்டால், வண்டி முழுக்க ஆறிய பிறகு ஒரு பழைய ஸ்க்ரூடிரைவரை எடுத்து, ஓட்டையைச் சுற்றி நாலு விரல் அகலத்துக்கு அதன் முனையால் தட்டிக்கொண்டே வாருங்கள். கணீரென்று சத்தம் வந்து முனை வழுக்கினால் தகட்டில் இன்னும் பலம் இருக்கிறது. மொத்தென்று கேட்டாலோ, அழுத்தும்போது குழிந்தாலோ, பொருக்கு உதிர்ந்தாலோ அங்கே தகடே இல்லை என்று அர்த்தம். அதன்மேல் வெல்டிங் ராடை வைத்தால் ஓட்டை அடைபடாது, இன்னும் பெரிதாகும். பட்டறைக்காரர் அடைக்க அடைக்கப் பக்கத்தில் உருகிக்கொண்டே போகும்.

சுற்றுத் தகடு கெட்டியாக இருந்து, ஓட்டை ஒரு ரூபாய் நாணயத்துக்குள் இருந்தால் வெல்டிங் வைக்கலாம். துருப்பிடித்த பகுதியைப் பளபளப்பு தெரியும்வரை தேய்த்து எடுத்துவிட்டு, 18 கேஜ், அதாவது 1.2 மில்லிமீட்டர் தகட்டில் ஒட்டு வெட்டி, கேஸ் வெல்டிங்கில் வைப்பது நல்லது. ஆர்க் வெல்டிங் இந்த மெல்லிய தகட்டைப் பொத்துவிடும். சைலன்சரைக் கழற்றித் தனியாக வைத்துத்தான் வெல்டிங் செய்யச் சொல்லுங்கள். மேலே பெட்ரோல் டேங்க் இருக்கிறது. பிஎஸ்-6 (புகைக் கட்டுப்பாட்டு விதி) வண்டி என்றால் இசியு-வும் (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டி) சென்சாரும் வேறு இருக்கின்றன.

ஒன்பது வருடச் சைலன்சரில் இரண்டாவது ஓட்டை, அல்லது தட்டும்போது இரண்டு இடத்தில் மொத்தென்று கேட்டால் செலவைப் பாதியாகப் பிரிக்காதீர்கள். புதிது போட்டுவிடுங்கள். உங்கள் ஊர்ப் பக்கம் உப்புக் காற்று. இன்று வைக்கும் ஒட்டுக்கு அடுத்த இடத்தில் ஆறு மாதத்தில் மறுபடி வரும்.

புது ஸ்கூட்டர். காலையில் ஸ்டார்ட் செய்தால் சைலன்சரிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது, வெள்ளையாகப் புகையும் வருகிறது. என்ன கோளாறு?
— வாசகி, ஊட்டி

கோளாறு இல்லை. மேலே சொன்ன அதே தண்ணீர்தான். உங்கள் ஊர்க் குளிரில் கண்ணுக்குத் தெரிகிறது. பத்து நிமிடம் ஓடியதும் நின்றுவிட வேண்டும். சிஎன்ஜி, எல்பிஜி வண்டிகளில் இது இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே சொட்டும். சூடேறிய பிறகும் வெள்ளைப் புகை நிற்காமல் வந்தால் காரில் கூலன்ட் குறைகிறதா என்று பார்க்க வேண்டும். நீலம் கலந்த புகை என்றால் எஞ்சின் ஆயில் எரிகிறது. கறுப்பு என்றால் பெட்ரோல் கூடுதலாகப் போகிறது. இந்த மூன்றுக்கும் சைலன்சரை மாற்றிப் பயனில்லை.

எட்டு வருடப் பெட்ரோல் கார். சில நாளாகப் பின்பக்கம் குடுகுடுவென்று சத்தம். ஒர்க்‌ஷாப்பில் சைலன்சர் ‘செட்டாக’ மாற்ற வேண்டும் என்று பெரிய தொகை சொல்கிறார்கள். முழுவதும் மாற்றித்தான் ஆக வேண்டுமா?
— வாசகர், கோயம்புத்தூர்

பெரும்பாலும் வேண்டியதில்லை. காரில் சைலன்சர் என்று நாம் ஒரே வார்த்தையில் சொல்வது ஐந்தாறு பாகங்கள் சேர்ந்தது. எஞ்சினிலிருந்து வரிசையாக மேனிஃபோல்டு, புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிடிக் கன்வர்ட்டர், வலை பின்னியதுபோல் இருக்கும் ஃப்ளெக்ஸ் குழாய், நடுக்குழாய், அதில் ஒரு சின்ன டப்பா, கடைசியில் பம்பருக்கு அடியில் பெரிய டப்பா. எஞ்சினுக்குத் தூரத்தில் இருப்பதால் கடைசி டப்பாதான் தாமதமாகச் சூடேறுகிறது, தண்ணீரும் அதில்தான் தேங்குகிறது. ஆகவே முதலில் அழுகுவது பெரும்பாலும் அதுதான். நடுக்குழாயும் ஃபிளான்ஜும் (குழாய்களை போல்ட்டால் இணைக்கும் விளிம்பு) திடமாக இருந்தால் பின் டப்பாவை மட்டும் மாற்றலாம்.

எங்கே கசிகிறது என்று கண்டுபிடிக்க எஞ்சின் ஆறியிருக்கும்போது ஸ்டார்ட் செய்யுங்கள். ஒருவர் தடித்த ஈரத்துணியை நாலாக மடித்துக் கையுறையோடு வால் குழாயின் வாயில் மூன்று நான்கு விநாடி அழுத்திப் பிடிக்கட்டும். குழாய் வரிசை நன்றாக இருந்தால் அழுத்தம் கையைத் தள்ளும், எஞ்சின் திணறும். எங்காவது கசிந்தால் அந்த இடத்திலிருந்து ‘உஸ்’ஸென்று கேட்கும், துணியில் அழுத்தமே தெரியாது. இதைத் திறந்த வெளியில் செய்யுங்கள். கசியும் இணைப்பில் கரிக்கோடு படிந்திருக்கும், விளக்குப் பிடித்துப் பார்த்தால் கண்ணுக்கே தெரியும். காருக்கு அடியில் போவதானால் ராம்ப்பில் ஏற்றியிருக்க வேண்டும், அல்லது ஸ்டாண்ட் கொடுத்திருக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் அடியில் படுக்கக் கூடாது.

சத்தம் எப்போது வருகிறது என்பதையும் கவனியுங்கள். எஞ்சின் வேகத்தோடு சேர்ந்து ஏறி இறங்கினால் கசிவு. பள்ளம் மேட்டில் மட்டும் ‘டொக் டொக்’ என்று இடித்தால் சைலன்சரைத் தாங்கும் ரப்பர் அறுந்திருக்கிறது. அந்த ரப்பர் சொற்ப விலைதான், ஆனால் அதை அலட்சியம் செய்து கம்பி வைத்துக் கட்டினால் பெரிய செலவு பின்னால் வரும். ரப்பர் அதிர்வை வாங்கிக்கொள்ளும், கம்பி வாங்காது. எஞ்சின் அசையும்போதெல்லாம் அந்த விசை ஃப்ளெக்ஸ் குழாய்க்குப் போய், அதன் பின்னல் விரிந்து கிழியும். ஒரு ரப்பர் போயிருந்தால் எல்லா ரப்பரையும் சேர்த்து மாற்றுங்கள். மற்றவையும் அதே வயதுதானே.

‘செட்’ என்று சொன்னவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “எந்த இடத்தில் கசிகிறது, காட்டுங்கள்.” காட்ட முடிந்தவரிடம் வேலையைக் கொடுங்கள்.

பைக்கில் செயின் ஸ்ப்ராக்கெட் மாற்றும்போது சைலன்சரைக் கழற்றி மாட்டினார்கள். அதிலிருந்து ஆக்ஸிலரேட்டரை விட்டதும் ‘பட் பட்’ என்று வெடிக்கிறது. மைலேஜும் குறைந்திருக்கிறது. சைலன்சர் போய்விட்டதா?
— வாசகர், விருதுநகர்

சைலன்சர் போகவில்லை. பழைய பேக்கிங்கையே மறுபடி போட்டு மாட்டியிருக்கிறார்கள். சைலன்சரின் வளைந்த குழாய் எஞ்சின் ஹெட்டோடு சேரும் இடத்தில் மோதிரம் போல ஒரு பேக்கிங் இருக்கும். முறுக்கும்போது நசுங்கி, இடைவெளியை அடைப்பதுதான் அதன் வேலை. ஒருமுறை நசுங்கியது இரண்டாவது முறை நசுங்காது. மெல்லிய இடைவெளி நின்றுவிடும்.

புகை குழாயில் ஒரே சீராகப் போவதில்லை, துடிப்புத் துடிப்பாகப் போகிறது. ஒவ்வொரு துடிப்புக்கும் பின்னால் ஒரு நொடிப்பொழுது உறிஞ்சல் இருக்கும். அந்த உறிஞ்சலில் இடைவெளி வழியே வெளிக்காற்று உள்ளே போகிறது. ஆக்ஸிலரேட்டரை விட்டதும் எரியாத பெட்ரோல் ஆவி சைலன்சருக்குள் வந்து அந்தக் காற்றோடு சேர்ந்து எரிகிறது. நீங்கள் கேட்கும் ‘பட் பட்’ அதுதான். ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் வண்டியில் இன்னொரு தொல்லையும் உண்டு. கசிவுக்குப் பக்கத்தில் உள்ள ஆக்ஸிஜன் சென்சார் அந்தக் காற்றை முகர்ந்துவிட்டு, பெட்ரோல் போதவில்லை என்று இசியு-வுக்குச் சொல்கிறது. இசியு பெட்ரோலைக் கூட்டுகிறது. மைலேஜ் அங்கே போகிறது.

சரியாக மாட்டும் முறை இது. எஞ்சின் ஆறட்டும். ஹெட்டில் உள்ள இரண்டு நட்டுகளுக்கு முந்தின இரவே துருநீக்கி ஆயில் அடித்து வையுங்கள். 100, 125 சிசி வண்டிகள் பலவற்றில் 10-ம் நம்பர் ஸ்பானர்தான் வரும். நட்டு இறுகியிருந்தால் ஒரே மூச்சில் திருகாதீர்கள். கால் சுற்று விட்டு, அரைக்கால் சுற்று திரும்ப முறுக்கி, மறுபடி விடுங்கள். பலவந்தம் செய்தால் ஸ்டட் (நட்டு ஏறும் மரைக்கம்பி) ஹெட்டோடு ஒட்ட முறியும். அதை எடுக்க லேத்துக்குப் போக வேண்டியிருக்கும், அந்தச் செலவு பேக்கிங் விலையைப்போல் பல மடங்கு.

கழற்றியதும் பழைய பேக்கிங் ஹெட்டுக்குள்ளேயே ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். அது இருக்கும்போதே மேலே புதியதைப் போட்டுவிட்டு “புதுப் பேக்கிங் போட்டும் வெடிக்கிறது” என்பவர்கள் நிறைய. அதை நெம்பி எடுத்து, உட்காரும் இடத்தைச் சுரண்டிச் சுத்தம் செய்து, புதியதை உட்கார வையுங்கள். கொஞ்சம் கிரீஸ் தொட்டு வைத்தால் மாட்டும்போது கீழே விழாது. பிறகு வரிசை முக்கியம்: ஹெட் நட்டுகள் இரண்டையும் கையால் ஏற்றுங்கள், பின்பக்க போல்ட்டைத் தளர்வாக மாட்டுங்கள், ஹெட் நட்டுகளை மாறி மாறிக் கால் சுற்றாக முறுக்குங்கள், பின் போல்ட்டைக் கடைசியில் இறுக்குங்கள். பின் போல்ட்டை முதலில் இறுக்கினால் குழாய் ஹெட்டில் சாய்ந்து உட்காரும். ஒரு பக்கம் நசுங்கும், மறுபக்கம் கசியும், ஸ்டட்டும் எப்போதும் இழுபட்டுக்கொண்டே இருக்கும். கடைசியாக, குழாயில் படிந்த கைரேகை, கிரீஸ் எல்லாவற்றையும் தின்னரில் துடைத்து, தின்னர் முழுவதும் காய்ந்த பிறகே ஸ்டார்ட் செய்யுங்கள். இல்லாவிட்டால் அந்தக் கறை வெந்து அப்படியே நின்றுவிடும். 100 கிலோமீட்டர் ஓடிய பிறகு, ஆறிய வண்டியில் நட்டுகளை ஒருமுறை சரிபார்த்து இறுக்கினால் வேலை முடிந்தது.

நெடும்பயணம் போகும்போது பின்சீட்டில் பிள்ளைகளுக்குத் தலைவலி, குமட்டல். இறங்கி நடந்தால் சரியாகிவிடுகிறது. சில நேரம் புகை வாடையும் வருகிறது. போன மாதம்தான் சைலன்சருக்கு வெல்டிங் வைத்தோம். பயணப் பித்தம்தான் என்கிறார் என் கணவர்.
— வாசகி, சேலம்

தயவுசெய்து இந்த வரியைப் படித்ததும் அந்தக் காரை நிறுத்திவிடுங்கள். வண்டிக்குள் தலைவலி, வெளியே வந்தால் சரியாகிறது என்பது கார்பன் மோனாக்சைடு உள்ளே வருவதற்கான அடையாளம். அந்த வாயுவுக்கு நிறமோ மணமோ கிடையாது. நீங்கள் முகரும் வாடை புகையிலுள்ள மற்றப் பொருள்களுடையது. வாடை வராத நாளிலும் வாயு இருக்கலாம். ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபின் ஆக்ஸிஜனைப் பிடிப்பதைவிட இதை 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். சின்னப் பிள்ளைகளையும் கர்ப்பிணிகளையும் இது முதலில் பாதிக்கும்.

பற்றவைத்த இடம் மறுபடி விட்டிருக்கலாம், அல்லது அதற்கு முன்னால் வேறொரு கசிவு இருக்கலாம். தரைத்தகட்டில் துரு ஓட்டை, ஒயர் நுழையும் இடத்தில் விழுந்துபோன ரப்பர், டிக்கி கதவின் கிழிந்த ரப்பர் வழியே புகை உள்ளே வரும். ஒர்க்‌ஷாப்புக்கு ஓட்டிப் போய்த்தான் ஆக வேண்டும் என்றால் பிள்ளைகளை ஏற்றாமல், நான்கு கண்ணாடிகளையும் முழுக்க இறக்கிவிட்டுப் போங்கள். டிக்கியை மட்டும் திறந்து வைக்காதீர்கள். ஓடும்போது வண்டியின் பின்புறத்தில் புகை சுழன்று, டிக்கி வழியே உள்ளே இழுக்கப்படும். ஏசி இந்த வாயுவை வடிகட்டாது.

யாராவது மயங்கினால் திறந்த வெளிக்குத் தூக்கிவந்து 108-ஐ அழையுங்கள். “காரில் புகை” என்று டாக்டரிடம் முதலிலேயே சொல்லுங்கள். ஆக்ஸிஜன் கொடுப்பது உடனே தொடங்க வேண்டும். சைலன்சர் புத்தம் புதிதாக இருந்தாலும், எஞ்சினை ஓடவிட்டு ஏசி போட்டுக்கொண்டு நின்ற காரில் தூங்குவதோ, மூடிய ஷெட்டுக்குள் எஞ்சினை ஓடவிடுவதோ கூடவே கூடாது.

பிஎஸ்-6 கார். ஸ்டார்ட் செய்ததும் அடியில் கலகலவென்று, டப்பாவுக்குள் கல் போட்டதுபோல் சத்தம். மேடு ஏறும்போது இழுவையே இல்லை. மீட்டரில் எஞ்சின் விளக்கு எரிகிறது. கேட்டலிடிக் கன்வர்ட்டரை உடைத்து வெறும் குழாயாக்கிவிட்டால் செலவில்லாமல் முடியும் என்கிறார் ஒருவர்.
— வாசகர், திருச்சி

செய்யாதீர்கள். கன்வர்ட்டருக்குள் இருப்பது தேன்கூடு போன்ற பீங்கான் கட்டி. அதன்மேல் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூச்சு. உங்களுடையது உடைந்து துண்டுகள் ஆடுகின்றன. அந்தத் துண்டுகள் புகைவழியை அடைக்கும்போது இழுவை போகிறது.

உறுதி செய்ய இரண்டு வழி. ஆறிய வண்டியில் கன்வர்ட்டரை ரப்பர் சுத்தியலால் மெதுவாகத் தட்டுங்கள். உள்ளே உருண்டால் உடைந்தது உறுதி. அடைப்பின் அளவு தெரிய வேண்டுமானால், முன் ஆக்ஸிஜன் சென்சாரைக் கழற்றி அந்த இடத்தில் பிரஷர் கேஜ் மாட்டிப் பார்ப்பார்கள். ஐடிலில் ஒன்றேகால் பிஎஸ்ஐக்குள், 2,500 ஆர்பிஎம்மில் 3 பிஎஸ்ஐக்குள் இருந்தால் சரி. அதற்கு மேல் ஏறிக்கொண்டே போனால் அடைப்பு. ஸ்கேனரில் பி0420 என்று வந்தால் கன்வர்ட்டர் தன் வேலையைச் செய்யவில்லை என்று பொருள். ஆனால் அந்தக் குறி ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மாற்றிவிட வேண்டாம். சென்சாருக்கு முன்னால் கசிவு இருந்தாலும் அதே குறி வரும்.

கன்வர்ட்டர் தானாக உடைவது அபூர்வம். தேய்ந்த ஸ்பார்க் பிளக்கோ பழுதான காயிலோ மிஸ்ஃபயர் கொடுத்தால் எரியாத பெட்ரோல் உள்ளே போய், கன்வர்ட்டருக்குள் எரிந்து பீங்கானையே உருக்கிவிடும். எஞ்சின் ஆயில் எரிந்தாலும் துளைகள் அடையும். காரணத்தைச் சரிசெய்யாமல் புதியதை மாட்டினால், விலை உயர்ந்த அந்தப் பாகம் மறுபடி உருகும்.

வெறும் குழாயாக்கினால் எஞ்சின் விளக்கு நிரந்தரமாக எரியும், வேறு உண்மையான கோளாறு வந்தாலும் உங்களுக்குத் தெரியாது. புகைச் சோதனையில் தேறாது. அதோடு, உடைக்கச் சொல்பவர் அந்தத் துண்டுகளை என்ன செய்வார் என்று யோசியுங்கள். அந்தப் பூச்சு உலோகத்துக்காகவே நாட்டின் பல ஊர்களில் வேன் சைலன்சர்கள் திருடுபோகின்றன. பழைய கன்வர்ட்டரைக் கேட்டு வாங்குங்கள், அல்லது அதன் மதிப்பை பில்லில் கழிக்கச் சொல்லுங்கள்.

டூ-ஸ்ட்ரோக் எக்ஸ்எல் வண்டி. தேங்காய் மூட்டை ஏற்றினால் முன்பு போல இழுக்கவில்லை. எஞ்சின் கொதிக்கிறது. போர் போட வேண்டும் என்கிறார்கள்.
— வாசகர், பொள்ளாச்சி

போர் போடுவதற்கு (சிலிண்டரைக் கடைவதற்கு) முன்னால் சைலன்சரைப் பாருங்கள். டூ-ஸ்ட்ரோக்கில் பெட்ரோலோடு ஆயிலும் எரிவதால் சைலன்சருக்குள் கரி படிந்துகொண்டே இருக்கும். சோதிப்பது சுலபம். ஹெட் பக்கத்து நட்டுகளைத் தளர்த்திச் சிறு இடைவெளி விட்டு, ஸ்டாண்டில் நிறுத்தி, சில விநாடி மட்டும் ரேஸ் கொடுங்கள். சத்தம் காதைப் பிளக்கும், சூடும் அடிக்கும், முகத்தைத் தள்ளியே வையுங்கள். எஞ்சின் சட்டென்று கலகலப்பாகச் சுற்றினால் அடைப்பு சைலன்சரில்தான்.

சில மாடல்களில் பின்முனையில் ஒரு ஸ்க்ரூவைக் கழற்றினால் உள்குழாய் தனியே வரும். இடுக்கியால் பிடித்துத் திருகி இழுங்கள். தார் போலக் கறுத்து, துளைகள் மூடியிருக்கும். கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து, ஒவ்வொரு துளையையும் ஆணியால் குத்தித் திறங்கள். தனியே வராத சைலன்சருக்குக் காஸ்டிக் சோடா. 5 லிட்டர் தண்ணீரில் அரை கிலோ காஸ்டிக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவிக் கரையுங்கள். காஸ்டிக் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது, கொதித்துத் தெறிக்கும். ரப்பர் கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். சைலன்சரின் ஒரு முனையை மரக்கட்டையால் அடைத்து, கரைசலை ஊற்றி இரவு முழுக்கத் திறந்தவெளியில், பிள்ளைகளும் மாடு கன்றும் நெருங்காத இடத்தில் நிறுத்துங்கள். மறுநாள் கொட்டி, நல்ல தண்ணீரில் ஏழெட்டு முறை அலசி, வெயிலில் காயவைத்து மாட்டுங்கள். இது இரும்புக்கு மட்டும். அலுமினியப் பாகத்தில் பட்டால் அரித்துக் கரைத்துவிடும். மேலே பெயின்ட் அடித்திருந்தால் அதுவும் உரியும்.

மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தும் வழக்கம் இன்னும் இருக்கிறது. தகடு வளைந்து உள்பிரிவுகளின் ஒட்டு விட்டுப்போகும், கைக்கும் ஆபத்து. மறுபடி சீக்கிரம் அடைத்தால் ஆயில் அளவைப் பாருங்கள். லிட்டருக்கு 20 மில்லி என்பதுதான் வழக்கமான கணக்கு. “இருக்கட்டும் கூட” என்று கைக்கணக்கில் ஊற்றுவது எஞ்சினைக் காப்பாற்றுவதில்லை, கரியாகத்தான் மாறுகிறது.

கம்பெனி சைலன்சரை எடுத்துவிட்டு ‘ஃப்ரீ ஃப்ளோ’ போட்டால் பவர் கூடும் என்று என் மகன் சொல்கிறான். 350 சிசி வண்டி. போடலாமா?
— வாசகர், மதுரை

சைலன்சரை மட்டும் மாற்றினால் பவர் கூடியதாகத் தோன்றும், பெரும்பாலும் சத்தம்தான் கூடியிருக்கும். எஞ்சினுக்கு எவ்வளவு காற்றுக்கு எவ்வளவு பெட்ரோல் என்ற கணக்கு அந்தக் கம்பெனி சைலன்சரோடு சேர்த்துப் போடப்பட்டது. திறந்த குழாயை மாட்டினால் அந்தக் கணக்கு கலைந்து, நகரத்தில் நமக்கு வேண்டிய தாழ்வேக இழுவை குறையும். உள்ளே அடைத்த கண்ணாடிப் பஞ்சு எரிய எரியச் சத்தம் மாதத்துக்கு மாதம் ஏறும்.

சட்டமும் கடுமையானது. 175 சிசிக்கு மேற்பட்ட இருசக்கர வண்டி தயாரிப்பு நிலையில் தேற வேண்டிய ஒலி எல்லை 80 டெசிபல். ஒலி, புகை விதிகளை மீறினால் மோட்டார் வாகனச் சட்டம் 190(2) பிரிவின்படி முதல் தடவையே 10,000 ரூபாய் வரை அபராதமோ, மூன்று மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். மூன்று மாதத்துக்கு லைசென்ஸும் போகும். அனுமதியில்லாத மாற்றத்துக்கு 182ஏ(4) பிரிவில் வண்டி உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய். ஆர்சி புத்தகம் உங்கள் பெயரில் இருந்தால் அந்த உரிமையாளர் நீங்கள்தான். நள்ளிரவில் ஆஸ்பத்திரி வாசலில் அந்தச் சத்தத்தைக் கேட்டவர்களின் பக்கம்தான் நாங்கள் நிற்கிறோம்.

புதுச் சைலன்சர் வாங்கும்போது நல்லதை எப்படி அடையாளம் காண்பது?
— வாசகர், தஞ்சாவூர்

பழையதைக் கையோடு எடுத்துப் போங்கள். இரண்டையும் தூக்கிப் பாருங்கள். புதியது கையில் லேசாக இருந்தால் தகடு மெலிது, அல்லது உள்ளே பிரிவுகள் குறைவு. ஃபிளான்ஜ் துளைகளைப் பழையதோடு வைத்து ஒப்பிடுங்கள். ஒரு துளை 2 மில்லிமீட்டர் விலகினாலும் மாட்டும்போது இழுத்துப் பிடிக்க வேண்டிவரும், சீக்கிரம் வெடிக்கும். வெல்டிங் கோடு விட்டு விட்டு இருந்தால் வேண்டாம். கேட்டலிஸ்ட் உள்ள வண்டிக்குக் கேட்டலிஸ்ட் உள்ள சைலன்சர்தான் வாங்க வேண்டும். வெளியே ஒரே மாதிரி தெரிந்தாலும் உள்ளே வெறும் டப்பாவாக வரும் போலிகள் உண்டு. வாயில் டார்ச் அடித்துப் பார்த்து முடிவு செய்ய முடியாது. பார்ட் நம்பரை வண்டியின் மாடல், வருடத்தோடு ஒப்பிட்டு, பில் போட்டு வாங்குங்கள். கூடவே புதுப் பேக்கிங், புது நட்டுகள்.

எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்?
— வாசகர், நாகப்பட்டினம்

கிலோமீட்டர் கணக்கே கிடையாது. தினமும் 40 கிலோமீட்டர் ஓடும் வண்டியின் சைலன்சர், தெருமுனைக்கு மட்டும் போகும் வண்டியுடையதைவிட அதிக காலம் வரும். உங்கள் ஊருக்கு இரண்டு யோசனை. வாரம் ஒருமுறை, ஆறிய பிறகு, நல்ல தண்ணீரால் வெளியே கழுவி உப்பை நீக்குங்கள். வாரம் ஒருமுறை 15, 20 கிலோமீட்டர் நிற்காமல் ஓட்டி உள்ளே உள்ள ஈரத்தை விரட்டுங்கள். பழைய எஞ்சின் ஆயிலைத் தடவுவது வேண்டாம், புகையும், தீயும் பிடிக்கலாம். துரு தெரிந்தால் உப்புத்தாள் போட்டு, 600 டிகிரி தாங்கும் பெயின்ட் அடியுங்கள்.

2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் ஸ்கூட்டர் சீட்டு வரை மூழ்கியது. அப்போது சரிசெய்து ஓட்டினோம். இப்போது சைலன்சர் வாய் வழியே துருப்பொடி கொட்டுகிறது.
— வாசகி, சென்னை

உள்பிரிவுகள் உதிர்கின்றன. வெளித்தகடு நன்றாகத் தெரிந்தாலும் இதை வெல்டிங்கில் காப்பாற்ற முடியாது, மாற்றிவிடுங்கள்.

அடுத்த வெள்ளத்துக்கு இதைக் குறித்து வையுங்கள். மூழ்கிய வண்டியில் ஸ்டார்ட்டர் பட்டனைத் தொடாதீர்கள். உள்ளே போன தண்ணீரைப் பிஸ்டன் அமுக்க முடியாமல் கனெக்டிங் ராடு வளையும். பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு, முன்சக்கரத்தைப் படிக்கட்டில் ஏற்றி வையுங்கள், சைலன்சர் தண்ணீர் பின்வழியே வடியும். ஏர் ஃபில்டரை எடுத்துப் பாருங்கள், அது நனைந்திருந்தால் தண்ணீர் எஞ்சினுக்குள்ளும் போயிருக்கும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, கிக்கரை இருபது முறை மிதியுங்கள். எஞ்சின் ஆயில் பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால் மாற்றுங்கள். இதெல்லாம் முடிந்து ஸ்டார்ட் ஆன அன்றே அரைமணி நேரம் ஓட்டிச் சைலன்சரைச் சூடேற்றுங்கள். அந்த ஈரத்தோடு இரண்டு வாரம் நிறுத்தி வைத்தால்தான் உள்ளே இப்படித் துரு ஏறும்.